செவ்வாய்க்கிழமைப் படங்கள்

புதிதாகக் கழுவிய படங்களுக்கு ஒரு மணம் இருந்தது. வினாகிரியும் புது பிளாஸ்டிக்கும் சேர்ந்தாற்போல, மூக்கு நுனியை மெல்லக் கடிக்கிற மணம். உறையைப் பிரித்ததும் அது முதலில் வெளியே வரும், பிறகுதான் படங்கள் வரும், வந்ததும் "விளிம்பில பிடி, கை படாமல் விளிம்பில பிடி" என்று வீட்டில் ஒருவர் கட்டாயம் கத்துவார். எனக்கு அந்த மணம் நினைவுக்கு வந்தால் கூடவே சந்தேகமும் வந்துவிடும். இன்றைக்கும் யாராவது ஒரு படத்தைக் காட்டினால், படத்தில் நிற்பவரைப் பார்ப்பதற்கு முன்னால், இதை எடுத்தவர் யார் என்றுதான் என் மனம் கேட்கும். இந்தக் கெட்ட பழக்கத்தை எனக்குப் பாலோடு சேர்த்து ஊட்டியவர் என் அம்மா.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. எனக்கு ஒன்பது வயது. நாங்கள் கனடாவில், மொன்றியலின் மேற்குப் பக்கத்து ரொக்ஸ்பரோவில் ரயில் நிலையத்துக்குக் கிட்ட, மழை வந்தால் கீழ்த்தளம் ஊறுகிற ஒரு வீட்டில் இருந்தோம். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் பொதி ஏற்றுகிறவர். அம்மாவுக்கு அங்கேயே விமானச் சாப்பாடு அடுக்குகிற சமையற்கூடத்தில் பின்னேர வேலை. ஆகவே நான் பள்ளிக்கூடத்தால் வரும்போது கதவு திறக்கிறவரும், தேத்தண்ணி தருகிறவரும், தலை பின்னுகிறவரும், ஒரு சொல்லும் விளங்காமல் என் பிரெஞ்சுப் பாடக்கொப்பியை முழுவதும் வாசித்துவிட்டு ஒப்பமிடுகிறவரும் அம்மாவின் தங்கை வதனி சித்திதான். சித்தி விடிய எழும்பி புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலைக்குப் போய் நாள் முழுக்கப் பெட்டி ஒட்டிவிட்டு எனக்கு முன்னால் வீடு வந்து சேர்ந்துவிடுவார். அவருக்கு முப்பத்துநாலு வயது நடந்துகொண்டிருந்தது. கோயிலிலும் பூப்புச் சடங்கு நடக்கும் சாமத்திய வீடுகளிலும் பெண்கள் "வதனிக்கு இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்பார்கள், கேட்டுவிட்டு வடையை எடுத்துக் கடிப்பார்கள்.

அப்படியிருக்கும்போதுதான் புறோக்கர் மாஸ்டர் ஒரு சம்பந்தம் கொண்டுவந்தார். ஊரில் கணக்குப் படிப்பித்தவர், மொன்றியலில் சாதகம் பொருத்துகிறவர். மாப்பிள்ளை பெயர் குகன், இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு சிறு நகரத்தில் இருக்கிறார், "ஹெல்த்தில பெரிய வேலை", சாதகம் நல்ல பொருத்தம் என்றார். எல்லாம் வழக்கம் போலத்தான் இருந்தது, படத்தைத் தவிர. எங்கள் ஆட்களிடையே மாப்பிள்ளைப் படம் என்றால் ஸ்டூடியோவில் கழுத்துப்பட்டி கட்டி, யாரோ தாடையைப் பிடித்துத் திருப்பிவிட்ட கோணத்தில் எடுத்த ஒரே ஒரு படம். இந்த மனிதர் ஒரு தடித்த உறை நிறையச் சுற்றுலாப் படங்களை அனுப்பியிருந்தார்.

குசினி மேசையில் அம்மா அவற்றைச் சீட்டுப் போடுவது போலப் பரப்பினார். சுற்றிவரத் தண்ணீர் கட்டி, அதில் தாராக்கள் நீந்தும் பழைய கோட்டை. புல்வெளி நடுவே வட்டமாக நிற்கும் பெருங்கற்கள். குறுகிய வாய்க்காலில் நீட்டு வள்ளம். ஒரு பழைய புகைவண்டி. கல்மதிலுக்கு அப்பால் செம்மறியாடுகள். நகரத்து நடுவே முகிலைத் தொடும் பெரிய தேவாலயம். சுற்றிவர ரோசாச் செடி வைத்த ஒரு தேநீர்த் தோட்டம். ஒவ்வொன்றிலும் ஒரே பழுப்புக் கோட்டோடு குகன் தனியே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் நீல மையில் ஒரு வரி எழுதியிருந்தார். கோட்டைக்குப் பின்னால், "உள்ளே ராசா இல்லை. தாராக்கள் உண்டு." ஆடுகளுக்குப் பின்னால், "கிட்டப் போனால் ஓடும்." பழைய புகைவண்டிப் படத்துக்குப் பின்னால், "இது எங்கேயும் போகாது. கொஞ்சத்தூரம் போய்த் திரும்பி வரும்." கற்களின் பின்னால், "யார் நட்டது என்று ஒருவருக்கும் தெரியாது."

"உவர் ஆர் எண்டும்தான் ஒருத்தருக்கும் தெரியாது" என்றார் அம்மா. அன்றைக்கே விசாரணை தொடங்கிவிட்டது.

அம்மா எதையும் சும்மா நம்புகிற பிறவி அல்ல. கடையில் முருங்கைக்காய் வாங்கினாலும் நடுவில் முறுக்கிப் பார்ப்பார், வானொலியில் நாளைக்கு வெயில் என்று சொன்னால் குடை எடுத்து வைப்பார். "ஆயிரம் பொய்யைச் சொல்லி ஒரு கலியாணம் எண்டு சும்மாவே சொன்னவை? அந்த ஆயிரத்தையும் பொம்பிளை வீட்டுக்காரர்தான் தேடிப் பிடிக்கோணும்" என்பது அவருடைய சித்தாந்தம். முதலாவது பொய்யை அவர் அந்த மேசையிலேயே பிடித்தார். எல்லாப் படத்திலும் ஆள் தனியே நிற்கிறார் என்றால், எல்லாப் படத்தையும் எடுத்தது யார்?

வழியில் போகிற யாரிடமாவது கொடுத்து எடுத்திருப்பார் என்றார் அப்பா. அம்மா ஒரு படத்தைத் தூக்கி அப்பாவின் மூக்குக்கு நேரே பிடித்தார். "வழியால போறவனைப் பாத்து ஆரும் இப்பிடிச் சிரிப்பினமே? இது பழகின சிரிப்பு." எனக்கும் அது பழகின சிரிப்பாகத்தான் தெரிந்தது. அடுத்தது, படங்கள் எல்லாம் சரிந்திருந்தன. கோட்டை ஒரு பக்கம் விழப் பார்த்தது, தேவாலயத்தின் கோபுரம் பாதியில் வெட்டுப்பட்டது, ஒன்றின் மூலையில் மங்கலாக ஒரு விரல். "வெறியில எடுத்த படம்" என்று அம்மா தீர்ப்பளித்தார். மாப்பிள்ளைக்கு ஒரு பெண் சிநேகிதம் இருக்கிறது, அவளுக்குக் குடிப்பழக்கமும் இருக்கிறது என்பது வரைக்கும் அன்றிரவுச் சாப்பாட்டுக்குள் வந்துவிட்டோம். அம்மாவுக்குப் பிடித்த ஒரே விசயம் ஆளின் உயரம். எந்தப் படத்திலும் பனை மாதிரி ஓங்கி நின்றார். "அது ஒண்டாவது உருப்படி" என்றார்.

அப்பா யாரையும் குறைசொல்ல மாட்டார். "மனுசன் பாவம், ஒரே கோட்டைத்தான் வைச்சிருக்கிறான் போல" என்பதுதான் அவர் சொன்னது. ஆனால் படங்களின் மூலையில் செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழுந்திருப்பதைக் கண்டுபிடித்தவரும் அவரே. விளையாட்டுப் போலத் தமிழ்க்கடைக் கலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தவரின் முகம் மாறிவிட்டது. எல்லாம் செவ்வாய்க்கிழமை. "ஹெல்த்தில பெரிய வேலை" பார்க்கிற மனிதர் வேலை நாளில் கோட்டை பார்க்கப் போவது ஏன் என்பது அப்பாவின் கேள்வி. அம்மாவின் கேள்வி அதைவிடப் பெரியது. "செவ்வாயில நாங்கள் நகம்கூட வெட்டமாட்டம். உவர் கோலாகலமாய் ஊர் சுத்துறார். சைவக்காரனோ எண்டதே எனக்கு இப்ப ஐமிச்சம்."

நானும் சும்மா இருக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் எறும்பு பார்க்கத் தந்த உருப்பெருக்கிக் கண்ணாடி என்னிடம் இருந்தது. தேநீர்த் தோட்டத்துப் படத்தில் மேசை மேல் இரண்டு கோப்பைகள் இருந்ததை எல்லோரும் கண்டிருந்தார்கள், இரண்டாவது கோப்பையின் விளிம்பில் ஒரு சிவப்புக் கறை இருந்ததை நான்தான் கண்டேன். "உதட்டுச் சாயம்!" என்று நான் கத்தியதும் அம்மா ஓடிவந்து பார்த்துவிட்டு என் தலையைத் தடவினார். சித்தி அடுப்படியில் நின்றபடி திரும்பிப் பார்க்காமல், "சாயம் பூசினவை தேத்தண்ணி குடிக்கக் கூடாதே?" என்றார்.

எங்கள் சனத்தின் கலியாண வழக்கம் ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். மாப்பிள்ளையைப் பற்றி உலகத்தில் உள்ள எல்லோரிடமும் விசாரிக்கலாம், மாப்பிள்ளையைத் தவிர. அவருடைய ஊரவரை, கூடப் படித்தவரை, முன்பு இருந்த வீட்டின் சொந்தக்காரரை, அவர் கும்பிடுகிற கோயிலின் ஐயரை, ரொறொன்ரோ, பாரிஸ், சூரிச் என்று எங்கே சிதறிப்போயிருந்தாலும் தேடிப் பிடித்துக் கேட்கலாம். நேரே அவரிடம் கேட்பது மரியாதைக் குறைவு. அம்மா வேலைக்குப் போகுமுன் காலை முழுக்கத் தொலைபேசியும் கையுமாகவே இருந்தார். கடைசியில் அம்மாவின் மச்சான் முறையான லண்டன் மாமா அந்த நகரத்திலேயே பலசரக்குக் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்து, ஒரு வியாழக்கிழமை அறிக்கை கொடுத்தார்.

அம்மா அதைக் கேட்ட விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. "ஓம்... ஓம்... அப்பிடியோ... கார் ஆற்றை? அவவின்ரயோ?... இரவிலயுமோ?" என்று கேட்கக் கேட்க அவருடைய முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. ஒரு வெள்ளைக்காரியோடு குகன் காரில் திரிகிறாராம், கார் அவளுடையதாம், கிழமையில் சில இரவுகள் அவளுடைய வீட்டிலேதான் தங்குகிறாராம், கடைக்கு வந்தால் அவளுக்கென்று பார்த்துப் பார்த்து மெது விசுக்கோத்து வாங்குகிறாராம். தொலைபேசியை வைத்துவிட்டு அம்மா, "நெருப்பில்லாமல் புகையுமே?" என்றார். ஞாயிற்றுக்கிழமை மாஸ்டர் வரும்போது படங்களைத் திருப்பிக் கொடுத்து வேண்டாமென்று சொல்லிவிடுவதென்று முடிவாயிற்று.

 சித்தியும் நானும் ஒரே அறையில் படுக்கிறவர்கள், எனக்குத் தெரியாமல் அவரால் எதையும் செய்ய முடியாது. மேசையிலிருந்து படங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்து அறைக்கு வந்துகொண்டிருந்தன. சித்தி அவற்றை முன்பக்கமாகப் பார்த்ததைவிடப் பின்பக்கமாகப் பார்த்ததுதான் அதிகம். தாராக்கள் பற்றிய வரியை வாசித்துவிட்டு ஒருநாள் தனியே சிரித்தார். கனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் சித்தி பார்த்த ஊர்கள் ரொக்ஸ்பரோவும் புவாண்ட்-கிளேரும், இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற பஸ்ஸும்தான். யாரும் அவரை எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை, அவரும் கேட்டதில்லை. இந்தச் சம்பந்தமும் தட்டிப்போனால் இனி ஒருவரும் கேட்டுவர மாட்டார்கள், அக்காவின் வீட்டில் அக்காவின் பிள்ளைக்குத் தலை பின்னியே காலம் போய்விடும் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை மத்தியானம் அம்மாவும் அப்பாவும் சாமான் வாங்கப் போன கையோடு சித்தி என்னைக் கூட்டிக்கொண்டு மூலையில் இருந்த தெப்பனேருக்குப் போனார். பால், ரொட்டி, லொத்தர்ச் சீட்டு எல்லாம் விற்கிற அந்தக் கடைக்காரரின் பொன்ஜூர் வணக்கத்துக்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு ஒரு தொலைபேசி அட்டை வாங்கினார். வீட்டுக்கு வந்து தலைக்கிளிப்பால் அதன் வெள்ளிப் பூச்சைச் சுரண்டினார். மாஸ்டர் அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்த எண்ணை ஒவ்வொரு இலக்கமாக அழுத்தினார். பொம்பிளை தானாக மாப்பிள்ளைக்கு அழைப்பெடுப்பதை எங்கள் சுற்றத்தில் அதுவரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 

"வணக்கம். நான் மொன்றியலில இருந்து வதனி கதைக்கிறன்... ஓம், அந்த வதனிதான்." சித்தி தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினார். "ஒண்டு கேக்கோணும். கோவிக்கக் கூடாது. இந்தப் படங்களை எடுத்தது ஆர்?"

அதன்பிறகு சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார்.  இடையிடையே ஒரு சொல். "எத்தினை வயசு?... கடவுளே." "அந்த வயசிலயும் சாயம் பூசுவாவோ?" "குளிக்க வாக்கிறதும் நீங்களே?" பிறகு திடீரென்று, "காலோ? என்ர காலுக்கு என்ன?" என்று கேட்டுவிட்டு, தன் வலது காலைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சித்தி வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினார். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அட்டையில் காசு முடிந்து தொடர்பு அறும்வரை இரண்டு பேரும் கதைத்தார்கள்.

விசயம் இவ்வளவுதான். குகன் வயதானவர்களை அவர்களுடைய வீட்டுக்கே போய், சில இரவுகள் அங்கேயே தங்கிப் பராமரிக்கிற வேலை செய்கிறவர். எண்பத்தாறு வயதில், நடக்க ஏலாத ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை அவருடைய பொறுப்பில் இருந்தார். செவ்வாய்க்கிழமை அந்த அம்மையாரை வெளியே கூட்டிக்கொண்டு போக ஒதுக்கிய நாள். சக்கர நாற்காலியை அவருடைய காரிலேயே ஏற்றி, அவர் சின்ன வயதில் பார்த்த கோட்டையையும் தேவாலயத்தையும் ஆடுகளையும் ஒவ்வொரு கிழமையும் ஒன்றாகக் காட்டிவிட்டு, தேநீர் வாங்கிக் கொடுத்து, திரும்பக் கொண்டுவந்து படுக்கையில் விடுவார். பராமரிக்கப்படுகிறவரைப் படம் எடுக்கக் கூடாது என்பது வேலையில் சட்டம். ஆனால் அந்த அம்மையார், "இவ்வளவு தூரம் வந்துவிட்டுச் சும்மா போவதா, நீ போய் அங்கே நில்" என்று கமராவைப் பறித்துக்கொள்வாராம். கை நடுங்கும், ஆகவே கோட்டை சரியும். புறோக்கர் மாஸ்டரிடம் வேலையை உள்ளபடிதான் சொல்லியிருந்தார், அதை "ஹெல்த்தில பெரிய வேலை" ஆக்கியது மாஸ்டரின் கைவண்ணம்.

காலின் கதையையும் சொல்ல வேண்டும். நாங்கள் அனுப்பியது, வரைந்த நீர்வீழ்ச்சிக்கு முன்னால் இடுப்பு வரைக்கும் எடுத்த ஸ்டூடியோப் படம். அதைப் பார்த்து மாப்பிள்ளையின் தமக்கை, பொம்பிளைக்குக் காலில் ஏதோ குறை, அதுதான் மறைக்கிறார்கள் என்று ரொறொன்ரோ வரைக்கும் ஆள் வைத்து விசாரித்துக்கொண்டிருந்தாராம். அடுத்த ஞாயிறு அப்பா எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போய், தலை முதல் செருப்பு வரை தெரிய சித்தியை நிறுத்தி ஒரு படம் எடுத்தார். சித்தி அதன் பின்பக்கத்தில் எழுதினார்: "இரண்டு காலும் என்னுடையவை."

ஆனால் அது அடுத்த ஞாயிறு. அதற்கு முந்திய ஞாயிறு, மாஸ்டர் வருமுன் சித்தி தான் கதைத்ததைச் சொல்ல, வீட்டில் நடந்தது சண்டை. "கிழவியளுக்குக் குளிக்க வாக்கிறவனுக்கோ என்ர தங்கச்சியைக் குடுக்கிறது?" என்று அம்மா தொடங்கினார். "ஏன், நாங்கள் இஞ்ச ராச உத்தியோகமே பாக்கிறம்?" என்று அப்பா கேட்டதும், "நான் வேலைக்காகச் சொல்லேல்லை" என்று அம்மா வேறு காரணம் தேடினார். குகன் சொல்வது உண்மையென்று என்ன உறுதி, கிழவிக்குப் பின்னால் குமரி ஒருத்தி இருக்கமாட்டாளா, ஏன் இத்தனை வயது வரைக்கும் கட்டாமல் இருந்தார். சித்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அக்கா, ஆரோ ஒரு மனுசியைத் தூக்கி இருத்தி, ஊரெல்லாம் காட்டி, பசியாத்திக் கொண்டுவந்து விடுற ஆள். இதுக்கு மேல என்னத்தை விசாரிக்கக் கிடக்கு?"

அம்மா கழுவிய சட்டியையே திரும்பவும் கழுவினார். கடைசியில், "அந்தக் குளிர் உனக்கு ஒத்துவராது" என்றார். மொன்றியல் பனியில் இத்தனை மாரி கழித்த தங்கைக்கு இங்கிலாந்துக் குளிர் ஒத்துவராது என்று அவர் சொன்னபோது அப்பாகூடச் சிரிக்கவில்லை.

வசந்தத்தில் குகன் கலியாணத்துக்கு வந்திறங்கினார். டோர்வலில் அம்மா கூட்டத்தின் தலைகளுக்கு மேலால் ஒரு நெடிய மனிதரைத் தேடிக்கொண்டிருக்க, அவருடைய தோளுக்குக் கிட்ட இருந்து "அக்கா" என்று ஒரு குரல் கேட்டது. பழுப்புக் கோட்டும் பழகின சிரிப்புமாக ஒரு கட்டை மனிதர் நின்றார். சக்கர நாற்காலியில் இருந்து நிமிர்ந்து பார்த்து எடுத்தால் யாரும் பனைதான் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை. "பாத்தியே, உயரமும் பொய்" என்று அம்மா என் காதுக்குள் பல்லைக் கடித்தார். அம்மா நம்பியது அந்த ஒன்றைத்தான்.

கலியாணம் முடிந்து சில மாதத்தில் சித்தி போய்விட்டார். அம்மா பின்னேர வேலையை விட்டுக் காலை வேலைக்கு மாறினார். எனக்குத் தலை பின்னினார், பின்னல் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளர்ந்தது. தேத்தண்ணியில் சீனி கூடிக் குறைந்தது. பிரெஞ்சுக் கொப்பியில் ஒப்பமிடும்போது அவர் ஒரு வரியும் வாசிக்கவில்லை. எனக்குச் சித்தி மேல் கோபம், சித்தப்பா மேல் அதைவிடக் கோபம், இந்தச் சம்பந்தம் குழம்பாமல் போனதே என்று அம்மா மேலும் கோபம். இங்கிலாந்திலிருந்து படங்கள் தவறாமல் வந்தன. கோட்டைக்கு முன்னால் சித்தி, வாய்க்கால் கரையில் சித்தி, ஆட்டுக்குப் பின்னால் ஓடும் சித்தி. அம்மா ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, "மெலிஞ்சு போனாள்" என்பார். "இந்தச் சிரிப்பு உண்மைச் சிரிப்பில்லை" என்பார். உண்மைச் சிரிப்புத்தான் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் அம்மாவோடு சேர்ந்து தலையாட்டினேன்.

இப்போது உறையில் படம் வருவதில்லை. சித்தியின் படங்கள் நாளுக்கு நாலு கைத்தொலைபேசியில் வந்து விழுகின்றன, மணம் இல்லை, பின்பக்கமும் இல்லை. தொலைபேசி அட்டை விற்ற கடை மூடிவிட்டது. ரொக்ஸ்பரோவின் பழைய ரயிலும் போய்விட்டது. சம்பந்தம் விசாரிக்க சூரிச்சுக்கும் பாரிசுக்கும் யாரும் அழைப்பதில்லை, ஒரு விரலால் மேலே தள்ளித் தள்ளியே ஒரு மனிதரின் பத்து வருடத்தையும் பார்த்துவிடுகிறார்கள். கூடப் பிறந்தவளின் வீட்டைப் பார்க்க அம்மா மட்டும் இன்றுவரை இங்கிலாந்துக்குப் போனதில்லை. ஒவ்வொரு வருடமும் ஒரு காரணம் இருக்கிறது.

போன மாரியில் அம்மாவும் நானும் குசினியில் இருந்து லீக்ஸ் அரிந்துகொண்டிருந்தோம். அப்போதுதான் சித்தியோடு கதைத்து முடித்திருந்தோம். திரையில் சித்தப்பாவும் வந்து, "அக்கா, இந்த முறையாவது வாங்கோ" என்று கேட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அம்மாவைச் சீண்ட வேண்டும் போலிருந்தது. அத்தனை நாடுகளுக்கு அழைத்து அத்தனை பேரைக் கேட்டீர்களே, ஒரு தடவை அந்த மனிதரிடமே கேட்டிருந்தால் ஒரே நாளில் முடிந்திருக்குமே அம்மா என்றேன்.

அம்மா கத்தியை வைத்தார். "ஓம், முடிஞ்சிருக்கும்" என்றார். "நல்லவன் எண்டு எனக்குத் தெரிஞ்சிருக்கும். பேந்து என்னத்தைச் சொல்லி நான் அவளைப் போகவிடாமல் மறிக்கிறது?"